மூன்று தொட்டியும் ஒரு நீரும்

கடல்மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர்க்கு முதற்பகை, அம்மீன்களின் கழிவினின்று உண்டாகும் அம்மோனியாவே. அதனை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. எங்கள் இல்லத்தில் 200 லிட்டர் கொள்ளும் தொட்டிகள் மூன்றிருந்தன. ஒவ்வொன்றற்கும் தனித்தனியே வடிகட்டி வைத்து, உப்பின் அளவை 1000 பங்கிற்கு 35 பங்காக நிறுத்துவதிலேயே என் மாலைப்பொழுதெல்லாம் கழிந்தது.

1871-ஆம் ஆண்டில் இலண்டனைச் சார்ந்த கிரிஸ்டல் பாலஸில் திறக்கப்பட்ட மீன்காட்சிசாலையில், வில்லியம் ஆல்போர்டு லாயிட் என்பார், பல தொட்டிகளின் நீரையும் கீழே இருண்ட பெருந்தேக்கத்திற் சேர்த்து, மீண்டும் மேலேற்றிச் சுற்றிவரச் செய்தனரெனப் படித்தேன். நீர் மிகுதியாயின் அதன் தன்மை எளிதில் மாறுபடாது. யானும் அவ்வாறே மூன்று தொட்டிகளின் நீரையும் குழாய்வழியே கீழ்த்தொட்டியொன்றில் இறக்கி, ஆங்கே வடிகட்டி, ஒரே பம்பினால் மேலேற்றத் துணிந்தேன்.

என் தங்கை, தான் நான்காண்டு வளர்த்த கோமாளி மீனிரண்டையும் நோக்கி, “அண்ணா, ஒரு தொட்டியில் நோய் வந்தால் மற்றவை என்னாகும்?” என்று வினவினாள். யான் நகைத்து விடுத்தேன்.

மின்சாரம் நின்றதோர் இரவில் முதற்பாடம் வந்தது. நீரேற்றுங் குழாய்களின் வாய் நீர்மட்டத்திற்கு நான்கு விரற்கடை தாழ இருந்தமையின், நீர் அவ்வழியே பின்னோக்கிப் பாய்ந்து, கீழ்த்தொட்டி நிரம்பிக் கூடமெல்லாம் உப்புநீராயிற்று. நீர்மட்டத்தை ஒட்டிக் குழாய்களிற் சிறு துளையிட்டேன். நீர் சிறிது தாழ்ந்ததும் காற்றுப் புகுந்து பின்னோட்டத்தை அறுத்தது. கீழ்த்தொட்டியிலும் போதிய வெற்றிடம் விட்டேன். ஆறு திங்கள் யாவும் நன்கு நடந்தன.

பின்னர் யான் வாங்கிய புதுமீனொன்றை மூன்றாந் தொட்டியில் விட்டேன். அதன் உடலில் உப்புத்தூள் தூவியன்ன வெண்புள்ளிகள் தோன்றின. அந்நோய்க்கிருமி மீனைவிட்டு நீங்கி, அடியில் தங்கிப் பலவாகப் பெருகி, நீரில் நீந்தி வேறு மீனைப் பற்றுவது. பத்து நாளில் மூன்று தொட்டியிலும் அது பரவிற்று. செப்புக் கலந்த மருந்தை நீரிலிடவும் வழியில்லை. நடுத்தொட்டியிலுள்ள பவளங்களும் இறால்களும் அதனால் மடியும். மீன்களையெல்லாம் வேறிடத்துக்கு மாற்றி மருந்திட்டேன். பதினொன்றில் நான்கே பிழைத்தன. கோமாளி மீன்கள் அந்நான்கில் இல்லை. தங்கை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டமாயிற்று.

தொட்டிகளை 11 வாரம் மீனின்றி வைத்தேன். இன்றும் அவை இணைந்தே இருக்கின்றன. ஆயினும் ஒவ்வொரு குழாய்க்கும் மூடுதற்குரிய வால்வு உண்டு. புதுமீன்களுக்கு எதனோடும் இணையாத் தனித்தொட்டியில் ஆறு வார வாசம். நீரை ஒன்றாக்குவோன் நன்மையை மட்டுமன்றித் தீங்கையும் ஒன்றாக்குகின்றான். ஆதலின் அத்தீங்கிற் பங்கு கொள்வோரை முன்னரே கேட்டல் வேண்டும். யான் கேளாது விட்டது அதுவொன்றே. இப்பொழுது வால்வுகளைத் திறக்கவும் மூடவும் உரியவள் என் தங்கையே.