பெட்டியில் அச்சிடாத பெயர்

ஜூன் 9, 2025, திங்கள்

காலையில் மினி வேனில் 36 லேப்டாப்கள் வந்து இறங்கின. ஒரு மென்பொருள் நிறுவனம் எங்கள் கல்லூரிக்குக் கொடுத்த அன்பளிப்பு. வரும் அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றுபோகிறது. இவற்றில் இருப்பது இன்டெலின் ஏழாம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 11 பட்டியலில் அதற்கு இடமில்லை. ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களை ஒரு தேதி கிழடாக்கிவிட்டது. எங்களுக்கு லாபம்.

துறைத்தலைவர் ஆசையாக ஒன்றைத் திறந்து பொத்தானை அழுத்தினார். பூட் செய்ய எதுவுமில்லை என்றது திரை. "என்னம்மா, செத்ததைக் கொண்டுவந்து கொட்டிட்டாங்களா?" சாகவில்லை. நிறுவனத்தின் தகவல் வெளியே போய்விடக்கூடாது என்று எஸ்எஸ்டியை எல்லாம் கழற்றி வைத்துக்கொண்டு உடலை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். நியாயம்தான்.

எனக்கு அது கவலையாகப் படவில்லை. முதல் லேபில் இருக்கும் 40 டெஸ்க்டாப்களில் ஒன்றிலும் டிஸ்க் கிடையாது. எல்டிஎஸ்பி என்ற லினக்ஸ் ஏற்பாட்டில், சர்வரில் இருக்கும் ஒரே இமேஜை எல்லாமும் நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொண்டு எழுந்துவிடும். ஒரு இடத்தில் மென்பொருளை மாற்றினால் 40-லும் மாறும். வைரஸ், அழிந்த கோப்பு, "மேம் ஐகானைக் காணோம்" எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.

மதியம்தான் லேப்டாப்பின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கேபிள் செருகும் ஓட்டை இல்லை. 2012-இல் என் தம்பிக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் செங்கல் மாதிரி கனக்கும். ஆனால் அதில் ஈதர்நெட் போர்ட் இருந்தது. இவை மெலிந்து அழகானபோது அதை உதறிவிட்டன. இருப்பது இரண்டு யூஎஸ்பி, ஒரு டைப்-சி. அந்த டைப்-சியும் சார்ஜருக்கு.

ஆக, 36 யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வேண்டும். "அதுக்கென்ன, வாங்கிடலாம்" என்றார் துறைத்தலைவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

மேசை இழுப்பறையில் இரண்டு நீல நிற அடாப்டர்கள் கிடந்தன. எப்போதோ ஆன்லைனில் 250 ரூபாய்க்கு வாங்கியவை. ஒன்றைச் செருகி, ஆன் செய்து, எஃப்12 அழுத்தினேன். பூட் மெனுவில் நெட்வொர்க் என்ற வரியே இல்லை.

பயாஸ் அமைப்புக்குள் போனேன். நெட்வொர்க் ஸ்டேக் அணைந்திருந்தது, போட்டேன். வேகமாக எழுவதற்காக யூஎஸ்பி சாதனங்களைச் சரியாகத் தேடாமல் தாண்டிப்போகும் ஃபாஸ்ட் பூட் வசதி இருந்தது; அணைத்தேன். யூஎஸ்பி பூட், ஆன். மறுபடி எஃப்12. அந்த வரி வரவில்லை.

பென்டிரைவில் லினக்ஸ் போட்டு எழுப்பினால் அதே அடாப்டர் சமர்த்தாக ஓடுகிறது, இணையம் வருகிறது. அடாப்டர் நன்றாக இருக்கிறது. லேப்டாப்பும் நன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கை: இரண்டு நீல அடாப்டர்களுக்கும் மேக் முகவரி ஒன்றே. உலகில் எந்த இரண்டு கார்டுக்கும் ஒரே எண் இருக்கக்கூடாது என்பதுதான் அந்த எண்ணின் வேலையே. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்த கதை. ஒரே நெட்வொர்க்கில் இரண்டையும் போட்டால் இரண்டுக்கும் ஒரே ஐபி போகும், இரண்டும் விக்கிக்கொண்டு நிற்கும்.

மாலையில் உதவிக்கு வந்த மூன்றாமாண்டு மாணவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. அடாப்டரை இயக்க டிரைவர் வேண்டும். சாதாரணமாக அது டிஸ்கில் இருக்கும் விண்டோஸிலோ லினக்ஸிலோ இருக்கும். இங்கே அந்த லினக்ஸைக் கொண்டுவருவதற்கே அடாப்டர் ஓட வேண்டும். பூட்டிய வீட்டுக்குள் சாவி. அதனால் மதர்போர்டில் எழுதிவைத்த ஃபர்ம்வேருக்கே அந்த அடாப்டரின் மொழி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். லேப்டாப் செய்தவர்கள் எந்தெந்தச் சிப்புக்கு டிரைவரை உள்ளே வைத்தார்களோ, அதற்கு மட்டும்தான் வாசல் திறக்கும்.

"அப்ப அடாப்டர் பெட்டியிலேயே போட்டிருப்பாங்களே மேம்?"

போட்டிருக்க மாட்டார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும் என்று போட்டிருப்பார்கள். மூன்றும் எழுந்த பிறகு நடப்பது.

ஜூன் 12, வியாழன்

நெட்வொர்க் வழியாக பூட் செய்வதை பிஎக்ஸ்ஈ என்று எழுதி 'பிக்ஸி' என்று சொல்கிறோமே, இன்டெல் அதன் 2.1 விதிமுறையை வெளியிட்டது 1999-இல். கார்டு இயந்திரத்துக்குள்ளேயே இருந்த காலம். இயந்திரம் வேறு, கார்டு வேறு என்ற சந்தேகமே பெரிதாக வராது. யூஎஸ்பி வால் ஒட்டிக்கொண்ட பிறகுதான் இந்த ஜாதகப் பொருத்தம்.

நேற்று இரவு கையேடுகளாகப் படித்துத் தள்ளினேன். மைக்ரோசாஃப்ட் தன் சர்ஃபேஸ் சாதனங்களை நெட்வொர்க்கில் பூட் செய்ய சர்ஃபேஸ் அடாப்டரோ டாக்கோதான் வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது, கசப்பானாலும் தெளிவு. சில மெல்லிய லேப்டாப்களில் ஈதர்நெட் கார்டு உள்ளேயே இருக்கும், வெளியே சின்னதாக ஒரு தனி இணைப்பி. அதற்கான வால் வெறும் கம்பிதான், சிப் கிடையாது. அது கிடைத்தவர்கள் புண்ணியவான்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கேட்கும் பெயர் ரியல்டெக் ஆர்டிஎல் 8153. பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரில் விற்கும் கிகாபிட் வால்கள் பலவற்றின் உள்ளே இருப்பது இதுதான். தாங்கள் விற்கும் வாலுக்கு டிரைவரைத் தங்கள் ஃபர்ம்வேரில் வைப்பார்கள். அதே சிப்புள்ள வேறு கடைச் சரக்கும் பல சமயம் அந்த நிழலில் உள்ளே நுழைந்துவிடும். ஏசிக்ஸ் ஏஎக்ஸ் 88179-உம் நல்ல சிப்தான். கேள்வி சிப் நல்லதா என்பதல்ல, நம் லேப்டாப்புக்கு அது அறிமுகமா என்பது.

பக்கத்துத் துறையிலிருந்து 8153 சிப் உள்ள ஒரு அடாப்டரை இரவல் வாங்கிச் செருகினேன். எஃப்12. மெனுவில் ஐபிவி4 நெட்வொர்க் என்று ஒரு வரி! மாணவன் கைதட்டினான். என்டர் தட்டியதும் பூட்டைத் தொடங்கி, அரை நிமிடம் யோசித்து, மெனுவுக்கே திரும்பிவிட்டது. கைதட்டலை வாபஸ் வாங்கினோம்.

இது என் வீட்டுக் குற்றம். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பில், கேட்கிற எல்லாருக்கும் பழைய பயாஸுக்கான கோப்பையே கொடுக்கும்படி இருந்தது. டெஸ்க்டாப்கள் பழையவை, ஒத்துக்கொண்டன. இவை யூஈஎஃப்ஐ. நான் எந்த ரகம் என்று இயந்திரம் டிஹெச்சிபி கேட்கும்போதே 93-ஆம் விருப்பத்தில் ஒரு எண் சொல்லும்: பழைய பயாஸ் என்றால் 0, 64 பிட் யூஈஎஃப்ஐ என்றால் 7. அதைப் பார்த்து வேறு கோப்பு கொடு என்று இரண்டு வரி சேர்த்தேன். செக்யூர் பூட்டையும் அணைத்தேன். நாங்கள் கொடுக்கும் ஐபிஎக்ஸ்ஈ பூட் கோப்பில் அது கேட்கும் கையெழுத்து இல்லை.

அடுத்து லினக்ஸ் கெர்னல் வரை வந்தது. வந்து, அமைப்பதற்கு நெட்வொர்க் சாதனமே இல்லை என்று சொல்லி நின்றது. கொஞ்ச நேரம் கோபம்தான் வந்தது. இப்போதுதானே அதே கம்பி வழியாக நீ வந்தாய்?

பல்லக்கு தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவதைப் போல இது. முதலில் ஃபர்ம்வேரின் டிரைவர் சுமக்கிறது. கெர்னல் வந்ததும் அது கைவிட்டுவிடும். கெர்னல் தன் சொந்த டிரைவரோடு தோள் கொடுக்க வேண்டும். எங்கள் இமேஜைக் கட்டியது ஒரு டெஸ்க்டாப்பில். அந்த இயந்திரத்துக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் சேர்க்கும்படி அமைத்து கெர்னலோடு வரும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைச் சுருக்கி வைத்திருந்தேன். எனக்கே அன்று பெருமையாக இருந்தது. அந்தச் சிக்கனத்தைக் கைவிட்டு, ஆர்8152 டிரைவரும் உள்ளே வரும்படி மறுபடி கட்டினேன். (பெயர் 8152 என்றாலும் 8153-ஐயும் அதுதான் பார்த்துக்கொள்கிறது.) இரவு ஏழே முக்காலுக்கு உள்நுழைவுத் திரை வந்தது. மாணவன் கிளம்பிப் போயிருந்தான். தனியாக டீ குடித்தேன்.

ஜூன் 14, சனி

சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெரு. தோள்பையில் அன்பளிப்பு லேப்டாப் ஒன்று, லினக்ஸ் பென்டிரைவ் ஒன்று. ஈயப்புகையும் ஜூஸ் கடை வாசனையும் கலந்த தெரு. தள்ளுவண்டிக்கும் பைக்குக்கும் நடுவே லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.

முதல் கடை. "அண்ணே, யூஎஸ்பி டு லேன் இருக்கா? கிகாபிட்."

"இருக்கு மேடம். எத்தனை?"

"உள்ள என்ன சிப்புண்ணே?"

"சிப்பா? எல்லாம் ஒரே சிப்தான் மேடம். நல்லா ஓடும்."

எல்லாம் ஒரே சிப் என்று சொல்லும் கடையில் எதுவும் ஒரே சிப்பாக இருக்காது. இரண்டாவது கடையில் பெட்டியின் மேல் 'ரியல்டெக்' என்று பெரிதாக ஒட்டியிருந்தது. பிரித்துச் செருகி எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்தேன். எண் 8152. ரியல்டெக் என்பது பொய்யில்லை; ஆனால் 100 மெகாபிட் சிப். பெட்டியில் போட்டிருந்தது 1000. கடைக்காரர் பெட்டியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் அது செய்திதான் என்று தோன்றியது.

மூன்றாவது கடையில் ஒரு பெரியவர். நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். "டிஸ்க் இல்லாம எழுந்திரிக்கணும், அவ்வளவுதானம்மா? இங்கயே ஆன் பண்ணிப் பாரு" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு பிளக் பாயிண்ட் காட்டினார். நான் ஊரிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த சோதனையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அடாப்டரைச் செருகு, ஆன் செய், எஃப்12, மெனுவில் வரி வருகிறதா பார். இரண்டு நிமிடம். அவர் கடையின் ஏழு ரகங்களில் இரண்டுக்கு வரி வந்தது. இரண்டும் 8153. ஒரு ரகம் பென்டிரைவ் லினக்ஸில் சிடி டிரைவாக வேடமிட்டு எழுந்தது. விண்டோஸ் டிரைவரைத் தனக்குள்ளேயே சுமந்து திரிகிறதாம். இன்னொன்று ஹப்போடு சேர்ந்தது. உள்ளே சரியான சிப்தான். ஆனாலும் நடுவில் ஹப் இருந்ததாலோ என்னவோ, எங்கள் ஃபர்ம்வேர் அதுவரை கை நீட்டவில்லை.

ஒன்று 750 ரூபாய். 36 வேண்டும் என்றதும் 680 என்றார். எஸ்எஸ்டியே வாங்கிவிடலாமே என்று துறைத்தலைவர் கேட்பார், தெரியும். விலையில் ஏறக்குறைய இரட்டிப்புதான், ஆனால் விலை என் காரணமில்லை. 36 டிஸ்க் என்றால் 36 விதமான கோளாறு, எல்லாம் என் தலையில்.

இன்று இரண்டு மட்டும் வாங்கினேன். பெரியவருக்கு வருத்தம்தான்.

ஜூன் 18, புதன்

இரண்டும் மூன்று நாள் ஓடின. மீதிக்கு ஆர்டர் கொடுத்து, இன்று 34 வந்தன. ஒவ்வொன்றாகச் சோதித்தேன். 31 சரி. மூன்றில் மெனு வரி இல்லை. அதே பெட்டி, அதே பிளாஸ்டிக், அதே எழுத்து. உள்ளே வேறு சிப். மாடல் எண்ணை மாற்றாமல் குடலை மாற்றியிருக்கிறார்கள். யாரை நோவது? பெரியவருக்கு போன் செய்தேன். "அனுப்பும்மா, மாத்தித் தர்றேன். செருகிப் பாத்தே தர்றேன்" என்றார்.

மாணவன் கேட்டான்: "வைஃபையில பூட் பண்ண முடியாதா மேம்? கேபிளே வேண்டாமே." எங்கள் ஃபர்ம்வேரில் அந்த வசதி இல்லை. இருந்தாலும் 36 பேர் ஒரே நேரத்தில் காற்றிலிருந்து இமேஜ் இழுப்பதை நான் பார்க்க விரும்பவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மாற்றித் தந்த மூன்றும் வந்துவிட்டன, மூன்றும் சரி. பெயர் வைக்கும் வேலை. முதல் லேபில் ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் அதன் மேக் முகவரியை வைத்துத்தான் இருக்கைப் பெயர். இங்கே மேக் முகவரி லேப்டாப்பில் இல்லை, வாலில் இருக்கிறது. வாலை மாற்றினால் பெயரும் மாறிவிடும். லேப்டாப்பின் சொந்த முகவரியை அடாப்டருக்குக் கடன்கொடுக்கும் ஏற்பாடு சில தயாரிப்புகளில் உண்டு. எங்களுடையதில் தேடினேன், இல்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, இருக்கட்டுமே, அடாப்டரை மேசைக்கே சொந்தமாக்கிவிடலாம் என்று பட்டது. எந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாலும் பதினேழாம் மேசை பதினேழுதான். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேபிள் டை கட்டு ஒன்று கேட்டு வாங்கினேன். லேப்டாப்பை எடுக்கிற அளவுக்கு வயரில் நீளம் விட்டு, வாலை மேசைக் காலோடு கட்டியாயிற்று. 36 லேபிள். விரல் நுனி எரிகிறது.

ஜூன் 23, திங்கள்

முதல் வகுப்பு. 36-ஐயும் ஒரே நேரத்தில் ஆன் செய்யச் சொன்னேன். தனித்தனியாக ஒரு நிமிடத்தில் எழுந்தவை, மூன்று நிமிடம் ஆகியும் முக்கிக்கொண்டிருந்தன. காரணம் இரண்டு. கெர்னலை டிஎஃப்டிபி வழியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அடிப்படை விதிப்படி 512 பைட் அனுப்பி, வந்தது என்று பதில் கிடைத்த பிறகுதான் அடுத்த 512 கிளம்பும். ரேஷன் கடை வரிசை. அதை ஹெச்டிடிபிக்கு மாற்றினேன். இன்னொன்று புதிய ஸ்விட்ச்: போர்ட்டில் இணைப்பு எழுந்ததும் சுற்றுப்பாதை ஏதும் இருக்கிறதா என்று 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, பிறகே வழிவிடும். தோள் மாற்றும் ஒவ்வொரு முறையும் எங்கள் அடாப்டர் இணைப்பை அறுத்து மறுபடி எழுப்புகிறது, ஒவ்வொரு முறையும் அந்த 30 விநாடி. லேப்டாப் போர்ட்களில் அந்தக் காத்திருப்பை நீக்கினேன்.

இரண்டாவது வகுப்பில் எல்லாம் சுமார் ஒன்றரை நிமிடத்தில் எழுந்துவிட்டன. துறைத்தலைவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போனார். பதினொன்றே கால் வரை நிம்மதி.

"மேம், எல்லாம் அப்படியே நின்னுடுச்சு!" 22-ஆம் மேசை. போய்ப் பார்த்தால், இருக்கும் இரண்டு போர்ட்டில் ஒன்றில் மவுஸ், இன்னொன்றில் அடாப்டர். பையன் பென்டிரைவ் செருக இடமில்லாமல் அடாப்டரைப் பிடுங்கிவிட்டான். அவனுடைய முழு இயங்குதளமும் அந்த வாலின் மறுமுனையில்தான் இருக்கிறது என்று அவனுக்கு யார் சொன்னது? பாதி எழுதிய ஜாவா நிரலும் போயிற்று.

நாளை இன்னும் ஒரு கட்டு கேபிள் டை வேண்டும். இந்த முறை லேப்டாப் பக்கத்து முனைக்கு.