சென்சரை டைரக்ட் செய்ய விடாதே

தூத்துக்குடி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நேற்று போனில் நீ சொன்னதில் பாதி குழந்தையின் அழுகையில் போய்விட்டது. காதில் விழுந்த வரைக்கும், கேஸ் கீசர் டிக்டிக்கென்று பொறி விடுகிறது, பற்றுகிறது, சில நொடியில் அணைந்துவிடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக் "சென்சரை டைரக்ட் பண்ணிடறேன்க்கா" என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிடு. மாப்பிள்ளை அவசரப்படுவார், அவருக்கும் இதைப் படித்துக் காட்டு.

பர்னர் மேல் இரண்டு விதக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று பொறி விடுவது. மற்றது தீ எரிகிறதா என்று பார்ப்பது, அதுதான் சென்சர். தீயின் வழியாக மைக்ரோ ஆம்பியர் கணக்கில் துளி மின்சாரம் ஓடும். அது வந்தால்தான் போர்டு கேஸ் வால்வைத் திறந்து வைக்கும், வராவிட்டால் மூடிவிடும். சென்சரை ஒதுக்கி டைரக்ட் செய்தால், தீ அணைந்தாலும் வால்வு மூடாது. எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடும் வரை அப்பா பாய்லர் பக்கம்தானே இருந்தார்? அங்கேயும் இதே கதைதான். எண்ணெய் உள்ளே போயும் ஸ்கேனர் கண்ணுக்குத் தீ தெரியவில்லை என்றால் டிரிப். யாராவது ஸ்கேனரை ஏமாற்றி ஓட்டியிருந்தால் அப்பா விட்டிருப்பாரா?

வேறு ஊர் என்றால் மூக்காவது காவல் இருக்கும் என்று சொல்லலாம். நீ இருக்கும் திருவொற்றியூரில் அதுவும் இல்லை. 2022-ல் ராத்திரி கேஸ் நாற்றம் என்று ஜனங்கள் புகார் கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விசாரித்தது நினைவிருக்கும். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது நடுராத்திரியில் வீட்டை விட்டு ஓடினார்கள். நாற்றம் வந்தால் "மணலி ஆலைப் பக்கம்" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பது நம்ம ஜனங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. நம் வீட்டு சிலிண்டரே கசிந்தாலும் அப்படித்தான் நினைப்போம். அதனால் அந்தச் சென்சர் கம்பி வேலை செய்தே ஆக வேண்டும்.

சரி, பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். எதைத் தொடும் முன்னும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடச் சொல்.

முதலில் பேட்டரி. பெரிய சைஸ் இரண்டு, சேர்த்து மூன்று வோல்ட். சும்மா வைத்து அளந்தால் நல்லதாகத்தான் காட்டும். குழாயைத் திறந்து பொறி விடும்போது அளக்க வேண்டும், அப்போது முள் சட்டென்று கீழே விழுந்தால் மாற்றிவிடு. பற்றியபின் வால்வைப் பிடித்து வைப்பதும் இதே பேட்டரிதான். பெட்டியின் ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கும், உங்கள் தெருவில் உப்புக்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் போதும்.

அடுத்து சென்சர் கம்பி. கரியோ உப்போ படிந்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, முனை தீக்குள் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒயர் போர்டில் இறுக்கமாக நிற்க வேண்டும். உன் கீசர் பற்றிவிட்டு அணைவதால், பேட்டரி சரியாக இருந்தால், எனக்கு இதன் மேல்தான் சந்தேகம்.

பொறிக் கம்பியின் வெள்ளைப் பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கை அணைத்துவிட்டு, பொறி விடவைத்துப் பார்க்கலாம். விரிசல் இருந்தால் பொறி பர்னரை விட்டு பாடியில் பாயும். அந்த ஒயரில் மட்டும் மல்டிமீட்டர் வைக்கக் கூடாது, ஆயிரக்கணக்கான வோல்ட், மீட்டர் போய்விடும்.

குழாய் திறந்தும் டிக்டிக் சத்தமே வராத நாளில் மைக்ரோ சுவிட்சைப் பார்க்க வேண்டும். தண்ணீர் அழுத்தத்தில் டயாபிரம் நகர்ந்து அதைத் தட்டும். போர் தண்ணீரின் உப்பு டயாபிரத்தில் படிந்தாலும், தண்ணீர் உள்ளே வரும் இடத்து வலை அடைத்தாலும் தட்டாது. அதற்கு போர்டை மாற்றச் சொல்லும் ஆட்கள் நிறையப் பேர்.

எல்லாம் பூட்டியபின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவு, குமிழி வந்தால் பற்றவைக்காதே. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், மேலே உள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் அதை இழுக்காது. கசிவு என்றால் 1906-க்கு அடி.

இன்னொன்று, கீசர் இப்போதும் பாத்ரூம் உள்ளேதானா? சென்சரைப் பற்றி இத்தனை சொன்னாலும், அங்கே உள்ள இன்னொரு ஆபத்தை அது கண்டுபிடிக்காது. மூடிய அறையில் காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், நாற்றமே இருக்காது. தீ மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்து. பால்கனிக்கு மாற்றும்வரை அத்தைக்கும் குழந்தைக்கும் அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடு.

பொங்கலுக்கு வரும்போது மீட்டர் எடுத்து வருகிறேன். அதற்குள் கீசரின் அடிமூடியைக் கழற்றி மாப்பிள்ளையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

இப்படிக்கு,
அண்ணன்