கூப்பிடு தூரம்

பணி ஓய்வை நெருங்கும் வயதிலுள்ள பங்கு மக்கள் சிலர், கடந்த சில ஆண்டுகளாக நம்மிடம் வந்து ஏறக்குறைய ஒரே ஆசையை வெளியிடுகின்றனர். "சாமி, இந்தக் கோயமுத்தூர் நெரிசலும் இரைச்சலும் போதும். ஆள் அரவம் இல்லாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் நிலம் வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு, செபமும் செடிகொடியுமாகக் கடைசிக் காலத்தைக் கழிக்கலாமென்று இருக்கிறோம். நம்ம வசதிக்கு அது முடியுங்களா?"

இப்படிக் கேட்போர் செல்வர் அல்லர். பஞ்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர், பள்ளி ஆசிரியை, பவுண்டரியில் மேற்பார்வையாளராக இருந்தவர். வைப்பு நிதியும் பணிக்கொடையுமாக வாழ்நாளில் ஒரே ஒருமுறை கைக்கு வருகின்ற தொகைதான் இவர்களது முதல். அது போனால் மறுமுறை வராது. ஆகவே, இவ்வினாவுக்குப் புன்முறுவலுடன் ஆசீர் அளித்து அனுப்பிவிடுதல் முறையாகாது என எண்ணியே இக்கட்டுரையை வரைகிறோம்.

ஆசையில் குற்றம் காண்பதற்கில்லை. நம் ஆண்டவரே விடியுமுன் இருட்டோடு எழுந்து, தனிமையான இடத்திற்குச் சென்று இறைவனை வேண்டினார் என்று மாற்கு எழுதுகிறார். ஆனால் அவர் நிலம் வாங்கவில்லை. நாம் வாங்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தரகர் முதலில் அழைத்துச் செல்வது மேற்கே, மலையடிவாரத்திற்கு. தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, நரசீபுரம், ஆனைகட்டி என்று பெயரைச் சொன்னாலே குளிர்கிறது. மாலை வேளையில் வெள்ளியங்கிரி மலைமேல் முகில் இறங்குவதைப் பார்த்தவுடன் முன்பணம் கொடுக்கக் கை துறுதுறுக்கும். அங்கே ஆள் அரவம் இல்லை என்பது மெய்யே. யானை அரவம் உண்டு. வாழைத் தோட்டத்தையும் சமையலறைக் கதவையும் அவை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அடிவாரத்துச் சிற்றூர்கள் பல, 1990-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் அடங்குபவை. அங்கே மனைப்பிரிவுக்கும் கட்டடத்திற்கும் தனி ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதலைக் காட்டாமல் காட்சியை மட்டும் காட்டுகின்ற தரகரிடம் விடைபெற்றுக்கொள்வதே நலம்.

அடுத்து, விலை மலிவென்று கிழக்கே அழைத்துச் செல்வார்: அன்னூர், சூலூர், பல்லடம் பக்கம். அங்கே கேட்க வேண்டிய முதற்கேள்வி தண்ணீர். கொங்கு நாடு மலையின் மழைமறைவில் கிடக்கும் பூமி. அடியில் கெட்டிப் பாறை. நம் பாட்டன்மார் வெட்டிய திறந்த கிணறுகள் பல வறண்டு கிடக்க, ஆயிரம் அடியைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் இன்று அரியவை அல்ல. அவ்வளவு ஆழம் தோண்டியும் புகை மட்டுமே வந்த இடங்கள் உண்டு. பல்லாண்டுக் கோரிக்கைக்குப்பின் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டம், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளங்குட்டைகளுக்கு நீர் கொணர்வதற்கானது. குளத்தருகே உள்ள கிணறுகளுக்கு அதனால் நம்பிக்கை பிறந்துள்ளது. எனினும் திட்டத்தை நம்பி நிலம் வாங்காமல், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றைச் சித்திரை மாதத்தில் எட்டிப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

பத்திர விஷயங்களை விரிக்கப் புகின் இதழ் முழுதும் போதாது. சுருங்கச் சொல்வோம். தாய்ப்பத்திரம், பட்டா, புல வரைபடம், குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை நாமறிந்த வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்த்தல் வேண்டும். விற்பவருடைய வழக்கறிஞர் போதாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016-இல் உயர்நீதிமன்றம் தடை விதித்தபின், "பண்ணை நிலம்" என்ற புதுப்பெயரில் பொதுநிலத்தின் பிரிக்கப்படாத பங்கை விற்போர் முளைத்துள்ளனர். பங்கு உமது, எந்த மூலை உமதென்று எவருக்கும் தெரியாது! நில விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆகப் பத்து லட்சம் ரூபாய் நிலத்திற்குத் தொண்ணூறாயிரம். 10 லட்சத்திற்கு மேற்படாத சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவென 2025 ஏப்ரல் முதல் நடைமுறை வந்துள்ளது. இல்லத்தரசியர் இதனைக் கணவன்மாருக்குப் படித்துக் காட்டலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வழித்தடம். கிளுவை வேலிகளுக்கிடையே வளைந்து செல்லும் இட்டேரி கண்ணுக்கு அழகு. அது ஊராட்சிப் பாதையா, வண்டிப் பாதையா, அல்லது பங்காளிகள் ஒற்றுமையாய் இருக்கும்வரை திறந்திருக்கும் தயவுப் பாதையா என்பது பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். நோயில் பூசுதல் அளிக்க நள்ளிரவில் அழைக்கப்பட்டுச் சென்ற அனுபவம் நமக்குண்டு. தார்ச்சாலை முடிந்து, இட்டேரி முடிந்து, அதற்கப்பால் ஒரு பூட்டிய கம்பிக் கதவு. 108 வண்டி அங்கேயே நின்றது. நோயாளியைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். தூக்குவதற்கு அன்று நால்வர் இருந்தனர்.

நிற்க. பகலில் தோட்டத்தில், இரவில் அமைதியில் என்று வாழ்வது கொங்கு மக்களுக்குப் புதிதன்று. ஊருக்குள் ஒரு வீடும், தோட்டத்தில் ஒரு சாளையும் வைத்துக்கொள்வது இங்கே பழைய வழக்கம். கவலை கட்டி மாடுகளைக் கொண்டு நீர் இறைத்த காலத்தில், பொழுது புலருமுன் கிணற்று மேட்டில் நிற்க வேண்டியிருந்தது. எனவே குடும்பமே சாளைக்குக் குடிபெயர்ந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, பின்னர் கிணறுதோறும் மோட்டார் ஏறியபோதும் அவ்வழக்கம் மாறவில்லை. வெளியூரார் இரயிலிலிருந்து பார்த்தால், பரந்த வெளியில் ஒற்றையாய் நிற்கும் அவ்வீடுகள் துறவியர் குடில்கள் போலவே தோன்றும்.

ஆனால் அவை தனிமையான வீடுகள் அல்ல. கட்டுத்தரையில் மாடு, வாசலில் நாய், நாற்பது கோழி. அடுத்த கிணற்றில் அண்ணன், அதற்கடுத்ததில் பங்காளி. களை எடுக்க, கடலை பறிக்கப் பத்துப் பேர். மாலையில் ஒரு சாளையில் விளக்கு எரியாவிட்டால் அடுத்த சாளைக்காரர் வரப்பில் நின்று கூப்பிட்டுக் கேட்பார். நம் மொழியில் "கூப்பிடு தூரம்" என்றே ஓர் அளவு உண்டன்றோ? அந்த அளவுக்குள்தான் அவ்வாழ்வு நடந்தது. (அக்கூப்பிடு தூரம் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருந்ததில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. குரல் கேட்டவுடன் முதலில் ஓடி வந்த பண்ணையாளுக்கு அதே வீட்டின் திண்ணையில் அமர இடமிருந்ததில்லை.)

இன்று சாளை அங்கேயே நிற்கிறது. கூப்பிட்டால் கேட்பவர் இல்லை. வேலைக்கு ஆள் கிடைக்காமையால் பருத்தியும் கடலையும் போய்த் தென்னை வந்தது. தென்னைக்குத் தினமும் ஆள் வேண்டியதில்லை. மகன் திருப்பூர்ப் பனியன் நிறுவனத்திற்கோ பெங்களூருக்கோ சென்றுவிட்டான். மாடுகளை விற்றாயிற்று. தென்னை அடர்ந்ததால் பக்கத்துச் சாளையின் விளக்கொளியும் மறைந்துவிட்டது. எஞ்சியிருப்போர் முதியவர் இருவர். 2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீடொன்றில் ஒரே குடும்பத்தினர் மூவர் கொலையுண்டதையும், 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியே வாழ்ந்த முதிய தம்பதியர் அவ்வாறே இறந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டுகிறோம். அச்சமூட்டுவதற்காக இதனை எழுதவில்லை. காவலர் சுற்றுவதும் கண்காணிப்புக் கருவி பொருத்துவதும் தேவையே. ஆயினும், வரப்பில் நின்று கூப்பிட்ட அந்தப் பங்காளியின் வேலையை எந்தக் கருவி செய்யும் என்பதே நம் கவலை.

தனிமையை நன்கறிந்தவர்கள் நம் திருச்சபையின் வனவாசிகள். அவர்கள் இதை எவ்வாறு அமைத்துக்கொண்டனர் என்று பார்ப்பது பயனுள்ளது. நாம் சனவரி 17-இல் விழாக் கொண்டாடும் வனத்து அந்தோணியார், தம் நிலங்களைத் துறந்தவுடன் பாலைவனத்திற்கு ஓடிவிடவில்லை. முதலில் தம் இளைய சகோதரியை நம்பிக்கையான கன்னியரிடம் ஒப்படைத்தார். பின்னரும் நெடுநாள் ஊரோரத்திலேயே, அனுபவமுள்ள முதியோரைக் கேட்டுக் கேட்டு வாழ்ந்தார். எகிப்தில் கெல்லியா என்னும் இடத்துத் துறவியர் ஒருவர் அறையை மற்றவர் காணாத தொலைவில் வாழ்ந்தனர். எனினும் சனி, ஞாயிறு நாள்களில் எல்லாரும் கோயிலில் கூடுவர். எவரேனும் வரவில்லையெனில் அவர் நோயுற்றாரென்று உணர்ந்து தேடிச் செல்வர். அப்படியும், அறைக்குள் இறந்தவர் நான்கு நாள் கழித்தே அறியப்பட்ட நிகழ்ச்சிகள் இருந்தன எனப் பழைய நூல் கூறுகிறது. 1084-இல் பிரெஞ்சு நாட்டு மலைக்குச் சென்ற புனித புரூனோ தனியே செல்லவில்லை. ஆறு தோழர்களை அழைத்துச் சென்றார். அவர் சபையில் இன்றும் ஒவ்வொருவருக்கும் தனிக்குடிலும் சிறு தோட்டமும் உண்டு; சுற்றுமதில் மட்டும் ஒன்றே. புனித ஆசீர்வாதப்பரோ, தனித்து வாழ விரும்புவோர் முதலில் மடத்தில் பிறரோடு நெடுங்காலம் பழகித் தேர்ந்திருக்க வேண்டுமெனத் தம் ஒழுங்கின் முதல் அதிகாரத்திலேயே விதித்தார். நாமோ முப்பது ஆண்டு அடுக்கு வீட்டில் வாழ்ந்துவிட்டு, ஒரே பாய்ச்சலில் வனவாசியாகிவிட நினைக்கிறோம்.

ஆதலால், நம்மிடம் கேட்போருக்கு நாம் இப்போது சொல்வது இதுவே. நடுக்காட்டில் ஐம்பது சென்டைத் தேடாதீர். ஒரு சிற்றூரின் ஓரத்தில், மூன்று வீடுகளுக்குக் குரல் எட்டும் இடத்தில், எட்டுப் பத்துச் சென்டு தேடுங்கள். எட்டுச் சென்டென்பது ஏறக்குறைய 3,485 சதுர அடி. சின்ன வீடு, ஒரு முருங்கை, இரண்டு வாழை, ஒரு மல்லிகைப் பந்தல், மாதாவுக்கு ஒரு கெபி ஆகியவற்றுக்கு இது தாராளம். ஊரோரம் என்றால் ஊராட்சிக் குழாய் நீரும், மின்கம்பமும், பால்காரரும் ஏற்கெனவே அங்கிருப்பர். நடுக்காட்டில் இவை ஒவ்வொன்றுக்கும் நீங்கள் தனியே விலை கொடுக்க வேண்டும். தோட்டத்துக் கிணற்றின் இலவச மின்னிணைப்பிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுப்பதும் சட்டத்திற்கு மாறானது.

இன்னும் மலிவான வழி ஒன்றுண்டு. ஊர்களுக்குள் நத்தம் நிலத்தில், பிள்ளைகள் நகரம் சென்றுவிட்டதால் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகள் பல. சுவர் உறுதியாயிருந்தால், ஓடு மாற்றி, தரை போட்டு, கழிவறை கட்டிக்கொண்டால் போதும். புதுவீட்டுச் செலவில் ஒரு பகுதியே ஆகும். புதிதாகவே கட்டுவோர், திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் பரப்பிய முறையைக் கொத்தனாரிடம் கேட்டுப் பார்க்கலாம். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவதால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கல் மிச்சமாகும். வெயிலும் உள்ளே இறங்காது. உரிமமின்றி இயங்கிய தடாகம் பள்ளத்தாக்குச் சூளைகள் 2021-இல் மூடப்பட்டதை நேரில் கண்ட நமக்கு, கல்லைச் சிக்கனமாகச் செலவிடுவது மண்ணுக்குச் செய்யும் மரியாதையாகவும் படுகிறது. கொத்தனார் முதலில் மறுப்பார். ஒரு சுவர் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, வாங்காமல் வாழ்ந்து பாருங்கள். போக்கியத்திற்கோ வாடகைக்கோ ஒரு வீடு பிடித்து, ஒரு கோடையும் ஓர் ஐப்பசி மழையும் அங்கே கழியட்டும். பாம்பும் தேளும் பழகட்டும். ஞாயிறு திருப்பலிக்கு எத்தனை மணிப் பேருந்து, அது வராத நாளில் என்ன வழி என்பதும் தெரிய வேண்டும். நம் பங்கில் இவ்வாறு தொலைவில் வாழ்வோரின் பெயர்களை அன்பியத்தார் எழுதி வைத்துள்ளனர். ஞாயிறன்று காணாதவரை அன்று மாலைக்குள் ஒருவர் அழைத்துக் கேட்கிறார். முதல் வெள்ளியில் நற்கருணை கொண்டு செல்லும்போது நாமும் பார்த்து வருகிறோம்.

பஞ்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் சென்ற ஆண்டு இவ்வாறே ஒரு சிற்றூரில் ஓட்டு வீடொன்றைப் போக்கியத்திற்குப் பிடித்தனர். மந்திரிக்க நாம் சென்றிருந்தோம். இட்டேரியின் தொடக்கத்தில், வேப்பமரத்தடியில் வீடு. நல்ல அமைதி. எங்கும் குயில். அம்மையாருக்கு ஒரே மனக்குறை: வேலிக்கு அந்தப்புறத்து ஆத்தா, பொழுது சாய்ந்தால் போதும், "ஏனுங் அம்மிணி, இன்னும் வெளக்குப் போடலீங்களா?" என்று குரல் கொடுக்காமல் இருப்பதில்லையாம். செபமாலை நடுவிலும் அக்குரல் வருமாம். "என்ன செய்கிறீர்கள்?" என்று வினவினோம். "ஒரு அருள் நிறைந்த மந்திரத்தை நிறுத்திவிட்டு, போட்டாச்சுங் ஆத்தா என்று சொல்லிவிட்டுத் தொடர்கிறேன், சாமி" என்றார்.

கோடை கழிந்துவிட்டது. வீட்டையொட்டிய எட்டுச் சென்டு விலைக்கு வருகிறது. விற்பவர் மூன்று சகோதரர், இருவர் சம்மதித்துவிட்டனர். மூன்றாமவர் திருப்பூரிலிருந்து வந்து கையெழுத்திட வேண்டும். ஆடி கழியட்டும் என்கிறாராம்.