பூரிக் கடலில் ஓர் இரவு

பூரி என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருபவை ஜகந்நாதர் திருக்கோயிலும் தேர்த் திருவிழாவுமே. குர்தா ரோடிலிருந்து பூரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்ற ஆண்டு 1897. இன்று கரக்பூரிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இரவு வண்டியேறிக் காலையில் பூரியில் இறங்கி, தரிசனம் முடித்து, கடலாடி, மகாபிரசாதத்துடன் திரும்புவது வழக்கமாகிவிட்டது. அக்கடலையே நம்பி வாழும் மக்களைக் கண்டு வருபவர் மிகச் சிலரே. சென்ற தை மாதம் அமாவாசையை ஒட்டி, பதினொரு வயது மகனுடன் அவர்களிடையே ஓர் இரவைக் கழிக்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது.

நகரின் கடற்கரையோரமாகக் கிழக்கு நோக்கி நடந்தால் பெண்டகட்டா என்னும் மீனவர் குடியிருப்பை அடையலாம். இங்கு வாழ்வோரிற் பெரும்பாலோர் தெலுங்கு பேசுபவர். ஆந்திரக் கடற்கரையிலிருந்து பிழைப்பை நாடி வந்தவர்களின் வழியினர். ஊரார் இவர்களை ‘நுலியா’ என்று அழைக்கின்றனர். நெய்தல் நிலத்து மக்களை நம் பழைய நூல்கள் ‘நுளையர்’ என்று குறிப்பதை அன்பர்கள் அறிவர். இரு சொற்களின் ஓசையும் ஒத்திருப்பது எங்கள் செவிக்கு இனிமையாக இருந்தது.

எங்கள் அலுவலகத்துத் தெலுங்கு நண்பர் ஒருவரின் உறவினர் அங்கே படகு வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் தம் மகனை விடுமுறை நாட்களில் மட்டும் அவர் கடலுக்கு அழைத்துச் செல்வதுண்டு. எங்களையும் உடன் அழைத்துச் செல்ல இசைந்தார். மிதவைச் சட்டை அணியாமல் பிள்ளைகள் எவரும் படகில் ஏறக்கூடாது என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை.

முன்னாளில் இக்கரை எங்கும் மரத்தெப்பங்களே நிறைந்திருந்தன. மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படும் அவற்றையே நாம் கட்டுமரம் என்கிறோம். சோழமண்டலக் கரையில் தாம் கண்ட கட்டுமரத்தைப் பற்றி வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளிவந்த தமது பயண நூலில் எழுதினார். அச்சொல் ஆங்கிலத்தில் நிலைத்து, இன்று உலகெங்கும் வழங்குகிறது. இப்போது பூரியில் கண்ணாடியிழைப் படகும் மோட்டாருமே மிகுதி. ஆனால் துறைமுகம் இல்லாத இக்கரையில் படகைக் கடலில் இறக்கும் முறை மட்டும் மாறவில்லை. மாலை ஐந்து மணிக்குப் பத்துப் பேர் தோள் கொடுத்துப் படகை நீர் விளிம்புக்குத் தள்ளினர். பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து உடைந்தபின் சிறிது ஓய்வு பிறக்கும். அந்தக் கணத்துக்காகப் பெரியவர் வாய் திறவாமல் காத்து நின்றார். பிறகு ஒரே குரல். படகின் முகம் அலைக்கு நேராகப் பாய்ந்தது. பக்கவாட்டில் அலை வாங்கினால் படகு கவிழும். ஆழம் கண்ட பின்னரே மோட்டாரை நீரில் தாழ்த்தினர். மகன் எங்கள் கையை இறுகப் பற்றியிருந்தான்; மீனவச் சிறுவனோ படகில் சேர்ந்த நீரை இறைத்துக்கொண்டிருந்தான்.

கரை விலக விலக ஊர் தாழ்ந்து, கோயில் விமானம் மட்டும் உயர்ந்து தெரிந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். பண்டை ஐரோப்பிய மாலுமிகள் இதனை வெள்ளைக் கோபுரம் என்றும், கோணார்க்கைக் கறுப்புக் கோபுரம் என்றும் பெயரிட்டு, இவ்விரண்டையும் கொண்டு வழி கண்டனர். பக்தர்க்குத் தெய்வச் சின்னமாக விளங்குவது மீனவர்க்கு வழிகாட்டியும் ஆகிறது.

இருள் சூழ்ந்ததும் நைலான் வலையை நீரோட்டத்துக்குக் குறுக்கே இறக்கினர். மேல் ஓரத்தில் மிதவைகள், கீழ் ஓரத்தில் ஈயக் குண்டுகள். வலையின் ஒரு முனையில் விளக்கு மிதந்தது. மறு முனை படகுடன் பிணைக்கப்பட்டது. கண்ணியில் தலை நுழைத்த மீன் முன்னும் செல்ல இயலாது, செவுள் மாட்டிக்கொள்வதால் பின்னும் திரும்ப இயலாது. நிலவொளியில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும். ஆதலின் அமாவாசையை ஒட்டிய இரவுகளே இத்தொழிலுக்கு உகந்தவை. அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர.

சிறுவர் இருவரும் இந்தியில் பேசத் தொடங்கினர். எங்கள் மகன் வீட்டில் தமிழில் கேட்டதற்கெல்லாம் இந்தியில் விடையளிப்பவன். தமிழ் என்பது பாட்டியிடம் பேசுவதற்கு மட்டுமே என்று கருதியிருப்பவன். மீனவச் சிறுவன் ‘வல’ என்று காட்டினான். இவன் ‘வலை’ என்றான். அவன் ‘அல’ என்றான். இவன் ‘அலை’ என்றான். தெப்பத்துக்கு அங்கே ‘தெப்ப’; உப்புக்கு இரு மொழியிலும் உப்பே. இருவரும் வியந்து, படகிலிருந்த பொருள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தனர். விண்மீன் என்னும் சொல்லுக்கு நாங்கள் பொருள் கூறியதும், “ஆகாயத்து மீனா?” என்று கேட்டு மீனவச் சிறுவன் வாய்விட்டுச் சிரித்தான். எங்கள் மகனுக்கும் அச்சொல்லின் பொருள் அன்றுதான் விளங்கியது.

பெரியவர் தலைக்கு மேலே கார்த்திகை மீன்கூட்டத்தைக் காட்டி, அது கரைப்பக்கம் சாய்ந்ததும் வலை எடுக்கலாம் என்றார். பின்னர் எங்களைப் பார்த்து, “பாபு, உங்கள் பிள்ளைக்கு உங்கள் வேலை தெரியுமா?” என்று வினவினார்.

இரயில்வேயில் எழுத்தர் வேலை என்பது அவனுக்குத் தெரியும்; அலுவலகத்தினுள் அவன் வந்ததில்லை என்றோம்.

அவர் சற்று நேரம் கழித்துச் சொன்னார்: “என் பையன் கடல் தொழிலுக்கு வரவேண்டும் என்பது என் எண்ணம் அன்று. 2019-ஆம் ஆண்டுப் புயலில் என் பழைய படகு போயிற்று. அவன் படித்து வேலைக்குப் போகட்டும். ஆனாலும் இந்த இரவுகளை அவன் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் உலை எதனால் கொதித்தது என்று தெரியாமல் பிள்ளை வளரலாமா?”

அவர் குறிப்பிட்டது அவ்வாண்டு மே 3-ஆம் நாள் பூரி அருகே கரை கடந்த ஃபானி புயலை. அப்போது ஒடிசா அரசு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தியது. உயிர்கள் பல பிழைத்தன. படகுகளையும் வலைகளையும் காக்க இயலவில்லை.

நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் வலையை இழுத்தனர். கெளுத்தியும் சூடையுமே மிகுதி. வௌவால் மீன் இரண்டு. பெரியவர் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, சலிப்பும் இல்லை. விடியற்காலையில் கரை சேர்ந்ததும் மணலிலேயே ஏலம் நடந்தது. கூடையுடன் காத்திருந்த மகளிர் மீனை வாங்கிச் சென்றனர். எரிபொருட் செலவு போக, படகுக்கும் வலைக்கும் பங்கு ஒதுக்கி, எஞ்சியதை ஆட்கள் பகிர்ந்துகொண்டனர். மீனவச் சிறுவன் கையிலும் சில நோட்டுகள் விழுந்தன. அவன் அவற்றை எண்ணாமல் தாயிடம் கொடுத்துவிட்டுக் குளிக்க ஓடினான்.

பூரி செல்லும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் மோட்டார்ப் படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. மழைக்காலத்தில் அலை கடுமையாக இருக்கும். மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. இரவில் குளிர் மிகுதியாதலின் கம்பளி தேவை. கடலில் இறங்க அஞ்சுவோர் விடியலில் ஏலம் நடக்கும் மணலுக்குச் சென்று வந்தாலும் போதும்.

வந்தேறிய ஊரில் தலைமுறைகள் கடந்தும் அம்மீனவர் வீடுகளில் தாய்மொழி வாழ்கிறது. வலை, அலை, காற்று என ஒவ்வொன்றையும் தொழிலிடத்தில் தந்தை சொல்ல மகன் கேட்பதே இதற்குக் காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நம் தொழிலின் மொழி தமிழ் அன்று. நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. எனினும் அடுப்படியிலும் கடைத்தெருவிலும் இரயில் பயணத்திலும் பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்ல நமக்குத் தடையேதும் இல்லையே! அடுத்த ஞாயிறு மகனை எங்கள் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல மேலதிகாரியிடம் அனுமதி பெற்றிருக்கிறோம்.