பெட்டியில் வராத பெயர்

"லிஸ்ட்ல உங்க சாதி எஸ்.சி.ன்னு வரலம்மா. அப்போ இல்லன்னுதான் அர்த்தம்."

சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போன செங்கோட்டைப் பக்கத்துத் தங்கை ஒருவருக்கு ஒரு சேவை மையத்தில் கிடைத்த பதில் இது. கணினி சொல்லிவிட்டால் பலரும் திரும்பி வந்துவிடுகிறோம். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான், பாளையங்கோட்டையில் நாங்கள் ஞாயிறுதோறும் நடத்தும் பைத்தான் வகுப்பில் நாமே ஒன்றைச் செய்து பார்ப்போம் என்றேன்.

ஒரு தேர்வைப் பொறுத்து அடுத்தது மாறும் டிராப் டவுனை ஜூபிட்டர் நோட்புக்கில் செய்வது எளிது. ஐபைவிட்ஜெட்ஸ் என்ற தொகுப்பு போதும். முதலில் ஒரு டிக்‌ஷனரி: மாவட்டத்தின் பெயர் சாவி, அதன் வட்டங்கள் அந்தச் சாவிக்குரிய பட்டியல். அடுத்து இரண்டு டிராப் டவுன் பெட்டிகள். கடைசியாக ஒரு ஃபங்ஷன். முதல் பெட்டியில் தேர்வு மாறியதும் அது டிக்‌ஷனரியில் தேடி, கிடைத்த பட்டியலை இரண்டாவது பெட்டியின் ஆப்ஷன்ஸில் வைக்கும். இந்த ஃபங்ஷனை முதல் பெட்டியின் அப்சர்வ் மூலம், வேல்யூ மாறும்போது மட்டும் ஓடும்படி இணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆப்ஷன்ஸ் மாறியதும் இரண்டாவது பெட்டி, புதிய பட்டியலின் முதல் பெயரைத் தானாகவே தேர்ந்துகொள்ளும். வட்டம் என்றால் சின்னத் தொல்லை. சாதி என்றால், ஒருவர் கை வைக்காமலேயே அவர் பெயருக்கு நேராக ஒரு சாதி ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் 'தேர்ந்தெடுக்கவும்' என்று மதிப்பில்லாத ஒரு வரியை வையுங்கள்.

மாவட்டமும் வட்டமும் சரியாக ஓடின. மூன்றாவதாகச் சாதியைச் சேர்த்தபோதுதான் உண்மையான பாடம் தொடங்கியது. ஏனென்றால் நம் மாநிலத்தில் ஒருவர் பட்டியல் சாதியா என்பது சில இடங்களில் வட்டத்தைப் பொறுத்தது. வண்ணார் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் பட்டியல் சாதி. (புதிரை வண்ணார் தனிப் பதிவு, மாநிலம் முழுவதும் பட்டியல் சாதி.) இந்தப் பகுதிகள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. பழைய எல்லை இன்னும் சட்டத்தில் கிடக்கிறது.

தாமிரபரணி இறங்கிவரும் மலையிலும் இதே கதைதான். காணிக்காரர் பழங்குடி என்ற பதிவு கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டுமே இருந்தது. காரையாறு, சேர்வலாறு பக்கத்துக் காணிக்காரர் வாழும் அம்பாசமுத்திரம் வட்டம் 2003-இல் வந்த திருத்தச் சட்டத்தில்தான் சேர்ந்தது. அதே மலை, அதே மக்கள். டிக்‌ஷனரியில் ஒரு வட்டத்தின் பெயர் இல்லாததால் அத்தனை ஆண்டுகள்!

குடியரசுத் தலைவர் ஆணை 'திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை வட்டம்' என்கிறது. 2019 நவம்பர் 22 முதல் செங்கோட்டை தென்காசி மாவட்டம். ஆணையில் உள்ளதை அப்படியே டிக்‌ஷனரியில் ஏற்றினால், 'தென்காசி' என்று தேர்ந்தெடுப்பவருக்கு அவருடைய உரிமை திரையில் வராது. ஆனால் சட்டத்தில் அது போகவில்லை. மாவட்டம், வட்டம் என்பவற்றை 1976 மே 1 அன்று இருந்த எல்லைப்படி கொள்ள வேண்டும் என்று அந்த ஆணையே சொல்கிறது. அப்படியானால் இன்றைய முகவரிக்கு ஒரு டிக்‌ஷனரி, 1976 எல்லைக்கு இன்னொன்று என்று இரண்டு வேண்டும். ஒன்றை வைத்து இரண்டு வேலையும் பார்த்தால் இழப்பு நமக்குத்தான்.

வேறு வகையும் உண்டு. மதத்தை முதல் பெட்டியாக வைத்து 'கிறிஸ்தவர்' என்று தேர்ந்தெடுத்தால் பட்டியல் சாதிகள் முழுக்க மறைந்துவிடும். இது நிரல் செய்யும் தவறல்ல. 1950 ஆணையின் மூன்றாம் பத்தி அப்படித்தான் எழுதப்பட்டது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவத் தலித்துகளுக்குத் திறக்கவில்லை. இங்கே அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சேரியும் கல்லறைச் சுவரும் மதம் மாறியதும் மறைந்துவிட்டனவா என்ன?

எனவே தோழர்களே, பெட்டியில் பெயர் வராவிட்டால் முதலில் கேளுங்கள்: தவறு டிக்‌ஷனரியிலா, சட்டத்திலா? டிக்‌ஷனரியில் என்றால், ஆணையின் அந்தப் பதிவை அச்செடுத்து மனுவோடு இணைத்து வட்டாட்சியரிடம் எழுத்தில் பதில் கேளுங்கள். சட்டத்தில் என்றால் அது மனுவில் தீராது. அமைப்பாகத் திரண்டு போராட வேண்டியது.

உங்களில் பலர் நாளை இத்தகைய பெட்டிகளை எழுதும் வேலைக்குப் போவீர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் அது எந்தச் சட்டத்தில், எந்த ஆண்டில் வந்தது என்று எழுதி வையுங்கள். பட்டியலின் கடைசியில் 'என் பெயர் இதில் இல்லை' என்று ஒரு வரியும், எழுத ஓர் இடமும் விடுங்கள்.

ஜெய்பீம்.