பத்து நிமிடக் கல்யாணம், ஐந்து மாத ஃபைல்: டென்மார்க்கின் ஏரோ தீவில் ஒரு திருமணப் பயணம்

டென்மார்க்கின் தென்பகுதியில், பால்டிக் கடலில் இருக்கிறது ஏரோ தீவு. மக்கள்தொகை சுமார் 6,000. நம் ஊர்க் கணக்கில் ஒரு பெரிய ஊராட்சி அளவுதான். ஆனால், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஜோடிகள் இங்கே வந்து திருமணம் செய்துகொள்கிறார்கள். மணமகன் ஒரு நாடு, மணமகள் இன்னொரு நாடு, கல்யாணம் மட்டும் மூன்றாவது நாட்டில்!

கடந்த ஆண்டு ஜூன் மாதம், என் பெரியம்மா மகளின் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட இந்தத் தீவுக்குப் போயிருந்தேன். அக்காவுக்குச் சொந்த ஊர் மதுரை. வேலை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில். அத்தான் ஜெர்மன் குடிமகன். இருவருமே வசிப்பது ஜெர்மனியில் என்றால், கடல் தாண்டி ஏன் போக வேண்டும்? வெளிநாட்டுக் குடிமக்களைக் காதலிக்கும் நம் பிள்ளைகளும், 'சரி, ஆகட்டும்' என்று சம்மதித்துவிட்ட பெற்றோர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

மின்சாரப் படகில் ஒரு மணி நேரம்

ஹாம்பர்க்கிலிருந்து காரில் வடக்கே கிளம்பி, டென்மார்க் எல்லையைத் தாண்டி, ஃபின்ஸ்ஹாவ் என்ற சின்னத் துறைமுகத்துக்குப் போனோம். அங்கிருந்து 'எலன்' என்ற படகு ஏரோவுக்குப் போகிறது. 2019-ல் ஓடத் தொடங்கிய இந்தப் படகில் டீசல் வாடையே இல்லை. கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு முழுக்க முழுக்க பேட்டரியில் ஓடுகிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் தீவின் மேற்கு முனையான சோபிக்கு வந்துவிடலாம். ரயிலில் வருபவர்கள் ஸ்வென்போர்க் நகரிலிருந்து படகு பிடிக்கிறார்கள். அது சுமார் 75 நிமிடப் பயணம்.

தீவுக்குள் ஓடும் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, எல்லோருக்கும் இலவசம். கோதுமை வயல்கள், சிவப்பு ஓட்டு வீடுகள், திரும்பிய பக்கமெல்லாம் கடல் என்று போய், ஏரோஸ்கோபிங் என்ற ஊரில் இறங்கினால் 200, 300 ஆண்டுகளுக்கு முன்னால் போய்விட்ட மாதிரி இருக்கிறது. கல் பாவிய தெருக்கள். மரச்சட்டங்களுக்கு நடுவே மஞ்சளும் சிவப்பும் பூசிய குட்டி வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் ரோஜாச் செடி.

பாட்டிலுக்குள் கப்பல் செய்து வைக்கும் கலைக்கென்றே இங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பீட்டர் யாகப்சன் என்ற கப்பல் தொழிலாளி வாழ்நாள் முழுக்கச் செய்தவை அதில் இருக்கின்றன. கடற்கரையில் வரிசையாக வண்ண வண்ண மரக் குடில்கள். புதுமணத் தம்பதிகள் படம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் படம் எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

ஆனால், இத்தனை ஜோடிகள் இங்கே வருவதற்கு இந்த அழகு மட்டும் காரணம் இல்லை.

ஒரு ஸ்டிக்கர் செல்லும் ஊரும், செல்லாத ஊரும்

ஜெர்மனியில் ஒரு வெளிநாட்டவர் திருமணம் செய்ய வேண்டுமென்றால், 'இவர் திருமணம் செய்யத் தகுதியானவர்' என்று அவருடைய சொந்த நாடு ஒரு சான்று தர வேண்டும். இந்தியா அப்படியொரு சான்றைத் தருவதில்லை. எனவே, அந்தச் சான்றிலிருந்து விலக்கு கேட்டு அங்குள்ள மேல்நிலை நீதிமன்றத் தலைவருக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் பிறப்புச் சான்றிதழ் தொடங்கி நம் ஊர் ஆவணங்களெல்லாம் உண்மைதானா என்று சரிபார்க்கப்பட வேண்டும். ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு நம்புவதற்காக 1961-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. அதன்படி ஆவணத்தில் ஒட்டப்படும் முத்திரைக்குப் பெயர் அபோஸ்டில். இந்தியா 2005-ல் இதில் சேர்ந்தது. அப்போது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால், நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் அபோஸ்டில் ஸ்டிக்கரை ஜெர்மனி ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக, ஜெர்மன் தூதரகம் நியமிக்கும் வழக்கறிஞர் இங்கே நேரில் விசாரித்து அறிக்கை தருவார். பிறந்த ஆஸ்பத்திரி, படித்த பள்ளி, அக்கம்பக்கம் என்று விசாரணை நீளும். இதற்கே மாதக்கணக்கில் ஆகும்.

எல்லைக்கு வடக்கே இருக்கும் டென்மார்க்கிலோ அதே ஸ்டிக்கர் செல்லும். கேட்கும் ஆவணங்களும் குறைவு. ஜெர்மனியில் வசிக்கும் இந்தியர்கள் கல்யாணத்துக்கு டென்மார்க்கைத் தேடிப் போவது இதனால்தான்.

இந்தியச் சட்டத்திலும் வழிகள் உண்டு. வெளிநாட்டுத் திருமணச் சட்டம், 1969-ன்படி, ஒருவர் இந்தியராக இருந்தால் வெளிநாட்டில் உள்ள நம் தூதரகத்தின் திருமண அதிகாரி முன்னிலையில் மணம் முடிக்கலாம். அதற்கு முன்னறிவிப்பு கொடுத்து, ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். இந்தியாவுக்கே வந்து, சிறப்புத் திருமணச் சட்டம், 1954-ன்படியும் செய்யலாம். அதற்கு இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும், அறிவிப்புக்கு மேலும் 30 நாள் ஆகும். இரண்டு பேருக்கும் அவ்வளவு லீவு கிடைக்கவில்லை.

பீரோவுக்குள் இருந்த காகிதம்

அக்காவுக்கு இது இரண்டாவது திருமணம். முதல் திருமணம் இரண்டே ஆண்டுகளில் பரஸ்பர சம்மத விவாகரத்தில் முடிந்தது. அந்தத் தீர்ப்பு நகலைப் பெரியம்மா பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்து பீரோவைப் பூட்டியிருந்தார். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டென்மார்க் முதலில் கேட்டது அந்தக் காகிதத்தைத்தான். ஏற்கெனவே மணமாகிப் பிரிந்தவர்கள், அந்த மணம் சட்டப்படி முடிந்துவிட்டது என்பதற்கான இறுதித் தீர்ப்பை, அபோஸ்டிலுடன் காட்ட வேண்டும். 'திருமணமாகாதவர் சான்று' வாங்கிக்கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று ஒரு சொந்தக்காரர் யோசனை சொன்னார். மணமாகிப் பிரிந்தவருக்கு அந்தச் சான்று பொருந்தாது. பொய்த் தகவல் கொடுத்தால் கல்யாணமே சிக்கலாகிவிடும்.

பீரோவில் இருந்தது வெறும் ஜெராக்ஸ். அபோஸ்டிலுக்கு நீதிமன்ற முத்திரையிட்ட, சான்றளிக்கப்பட்ட நகல் வேண்டும். ரிட்டயர்டு ஆசிரியரான பெரியப்பா மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு குடும்பநல நீதிமன்றத்துக்குக் கிளம்பினார். நகல் மனு போட்டார், மூன்று முறை அலைந்தார். எதிர்வீட்டில் கேட்டபோது, "பென்ஷன் விஷயமா போறேன்" என்றாராம்.

நகல் கைக்கு வந்த அன்று எனக்கு போன் செய்தார். "இந்தப் பேப்பரைத் திரும்பப் பாக்கவே கூடாதுன்னு நெனச்சேன்மா. இப்ப இது இருந்தாத்தான் கல்யாணமே நடக்குமாம்" என்றார்.

"அது நல்ல பேப்பர்தான் பெரியப்பா" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அடுத்து வந்தது, தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய பிரச்னை: இனிஷியல்! பாஸ்போர்ட்டில் அக்காவின் பெயருக்குப் பின்னால் பெரியப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது. தீர்ப்பில் ஓர் எழுத்து இனிஷியல் மட்டும். பிறப்புச் சான்றிதழில் அதுகூட இல்லை. நமக்கு மூன்றும் ஒரே ஆள். வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று ஆட்கள். 'இந்தப் பெயர்கள் அனைத்தும் என்னையே குறிக்கும்' என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்து, நோட்டரி கையொப்பம் வாங்கி, அதையும் ஃபைலில் சேர்த்தோம்.

பிறகு, மாநில அரசின் சான்றொப்பம். அதன்பின் வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில். அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை, அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்சிகள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை ஆன்லைனில் சரிபார்க்க முடியும். தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்ததால் தப்பித்தோம். தமிழில் இருந்திருந்தால் மொழிபெயர்ப்பும் தேவைப்பட்டிருக்கும். எல்லாம் முடிய, பெரியப்பா கிளம்பிய முதல் நாளிலிருந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது.

நான்கு மாதக் கெடு

முன்பெல்லாம் டென்மார்க்கில் அந்தந்த நகராட்சியே அனுமதி கொடுத்துவிடும். விசாவுக்காகப் போலித் திருமணங்கள் நடக்கின்றன என்று புகார் எழுந்ததால், 2019-லிருந்து வெளிநாட்டு ஜோடிகளின் விண்ணப்பங்களை அரசின் குடும்பச் சட்ட அலுவலகம்தான் பரிசீலிக்கிறது. ஆன்லைனில் விண்ணப்பித்து, கட்டணம் கட்ட வேண்டும். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்கள், சட்டப்படி அங்கே தங்கும் உரிமைக்கான ஆதாரம், முந்தைய திருமணம் முடிந்ததற்கான ஆவணம் ஆகியவற்றோடு, இருவரும் உண்மையிலேயே ஒரு ஜோடிதான் என்பதற்கான ஆதாரத்தையும் கேட்கிறார்கள். சேர்ந்து எடுத்த படங்கள், ஒரே முகவரியில் வசிப்பதற்கான பத்திரம் போன்றவை இதற்கு உதவும்.

எல்லாம் சரியாக இருந்தால் அனுமதிச் சான்று வரும். அது நான்கு மாதங்களுக்குத்தான் செல்லும். அதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். அனுமதி கைக்கு வருவதற்கு முன்பே டிக்கெட், ஹோட்டல், பெற்றோர் விசா என்று பணத்தைக் கட்டிவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் விசா எடுக்கலாம் என்று அக்கா எவ்வளவோ கேட்டாள். "முதல்ல நல்லபடியா முடியட்டும்" என்று அவர்கள் வரவில்லை. எதற்காக வரவில்லை என்று அக்காவும் துருவிக் கேட்கவில்லை.

11.30 மணி முகூர்த்தம்

கல்யாணத்துக்கு முதல் நாள், நகராட்சி அலுவலகத்தில் அசல் பாஸ்போர்ட்டையும் அசல் தீர்ப்பையும் நேரில் காட்டினோம். அதிகாரி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். அபோஸ்டில் ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தார். புன்னகைத்தபடி, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் ஐந்து மாத அலைச்சல். அக்கா வெளியே வந்து கல்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை 11.30 மணி. அக்கா அரக்கு நிறக் காஞ்சிப் பட்டில், அத்தான் வேட்டி சட்டையில். அதிகாரி ஆங்கிலத்தில் ஒரு சிறிய உரை வாசித்து, இருவரிடமும் சம்மதம் கேட்டார். இருவரும் "ஆம்" என்றார்கள். மோதிரம் மாற்றினார்கள். நானும் அத்தானின் நண்பர் ஒருவரும் சாட்சிகள். சாட்சிக்கு ஆள் இல்லாமல் வரும் ஜோடிகளுக்கு நகராட்சியே ஏற்பாடு செய்துதருகிறது. மொத்தமாகப் பத்தே நிமிடம்.

நம் கல்யாணங்களில் ஆயிரம் பேர் சாட்சி. மண்டபம் நிறையச் சொந்தபந்தம் இருப்பதால், பதிவு செய்வதைக்கூடப் பலர் தள்ளிப்போடுகிறோம். இங்கே கூட்டம் இல்லை, காகிதம்தான் சாட்சி. ஊரார் என்ன சொல்வார்கள் என்று பீரோவில் பூட்டிவைத்த ஒன்றை, எங்கோ ஒரு தீவில் முகம் தெரியாத ஓர் அதிகாரி படித்துப் பார்த்து, குறைவாக ஒரு வார்த்தை சொல்லாமல் அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

மதுரையில் அப்போது பிற்பகல் மூன்று மணி. வீடியோ காலில் பெரியம்மா அழுதுகொண்டே அட்சதை தூவினார், செல்போன் மேலேயே! பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சர்டிபிகேட்டைக் காட்டு. பேரும் தேதியும் சரியா இருக்கான்னு பாக்கணும்" என்றார். அக்கா கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். அவர் வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். தன் பெயரும் அதில் இருப்பதைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "சரியா இருக்கும்மா" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கல்யாணமா?

* பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏறாமல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

* விவாகரத்தானவர்கள், துணையை இழந்தவர்கள் அதற்கான தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட நகலை இரண்டு பிரதிகளாக வாங்கி வையுங்கள்.

* அபோஸ்டிலுக்குப் போகும் முன், கல்யாணம் நடக்கப்போகும் நாடு அதை ஏற்கிறதா என்று கேளுங்கள். ஆவணம் எத்தனை மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

* 'எல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்று சொல்பவர்களிடம் அசல் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள். டென்மார்க்குக்கு ஏஜென்ட் இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்க முடியும்.

* திருமணம் ஆனதும் விசா தானாக வந்துவிடாது. அது தனி விண்ணப்பம், தனிச் சட்டம்.

டென்மார்க் தரும் திருமணச் சான்றிதழ் டேனிஷ், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என ஐந்து மொழிகளில் இருக்கிறது. இதற்கும் ஓர் அபோஸ்டில் வாங்கி, இந்தியத் தூதரகத்தில் திருமணத்தைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும். பதிவான திருமணம் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நீடித்திருந்தால், அத்தான் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான ஃபைலை அக்கா இப்போதே தொடங்கிவிட்டாள். தேவையான காகிதங்களின் பட்டியல் மதுரையில் பெரியப்பாவிடம் இருக்கிறது. இந்த முறை எதிர்வீட்டில் கேட்டால், "மாப்பிள்ளைக்குப் பேப்பர் ரெடி பண்றேன்" என்கிறாராம்.