ராஜாவோட நாலு ஆல்பம், என்னோட வரிசை

சினிமாவுக்கு வெளியே இளையராஜா போட்ட ஆல்பங்கள்ல எது ஒசத்தின்னு எங்க டீக்கடையில ஒரு வாரமா வழக்கு. அவர் பொறந்த பண்ணைப்புரம் திண்டுக்கல்லுல பஸ் ஏறினா மூணு மணி நேரம்தான். அதனால ஆளாளுக்குச் சொந்தக்காரர் மாதிரி உரிமை. நான் திரும்பத் திரும்பக் கேட்டது நாலு. அதை மட்டும் வரிசைப்படுத்துறேன்.

முதல் இடம் 'நத்திங் பட் விண்ட்'. 1988ல வந்தது, ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல். விஷயம் தெரிஞ்சவங்க 'ஹவ் டு நேம் இட்'டைத்தான் முதல்ல வைப்பாங்க. வைக்கட்டும். என் காரணம் வேற.

2016ல வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போச்சு. அடுத்த ஜனவரியில எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டம்னு அரசாங்கம் அறிவிச்சது. எங்க போர்ல கம்ப்ரசர்தான். டவுன்ல இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: காத்தைக் குழாய் வழியா ஆழத்துக்கு அடிப்போம். அந்தக் காத்து தண்ணியைத் தூக்கிட்டு மேல வரும். எப்பவுமே சீரா விழாது, துப்பித் துப்பித்தான் விழும். நீர்மட்டம் இறங்கிட்டா உஸ்ஸுன்னு வெறும் காத்து. அந்த வருஷம் ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுட்டு தொட்டிச் சுவர்ல உக்காந்திருப்பேன். ஒரு காதுல போன் ஒயர், இன்னொரு காது குழாய்க்கு. ஆல்பம் பேருக்கு என்னடா அர்த்தம்னு பையன்கிட்ட கேட்டேன். "வெறும் காத்துதாம்ப்பா, வேற ஒண்ணுமில்ல"ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மூங்கில்ல நுழையுற காத்து அவர்கிட்ட என்னவெல்லாமோ ஆகுது. இங்க இரும்புக் குழாய்ல வர்ற காத்துக்கு இருபத்தி மூணு தென்னை போச்சு. முருங்கை மட்டும் தாக்குப்பிடிச்சது. அத்தனை ராத்திரியும் கேட்டும் அந்த ஆல்பம் சலிக்கல. வேற எதையும் அப்படி நான் சோதிச்சுப் பாத்ததில்ல.

ரெண்டாவது 'ஹவ் டு நேம் இட்', 1986. எங்க மாவட்டம் மதுரையிலிருந்து பிரிஞ்சதுக்கு மறு வருஷம். தியாகராஜருக்கும் ஜெர்மனிக்காரர் பாக்குக்கும் காணிக்கையா போட்டது. வயலின் வி.எஸ்.நரசிம்மன். சினிமாப் பாட்டுக்காக ரெக்கார்டிங் சென்டர்ல காலி கேசட் குடுத்திருந்தேன். மிச்ச இடத்துல கடைக்காரர் இதைப் போட்டுக் குடுத்துட்டார். பாட்டு எப்ப வரும்னு கடைசி வரைக்கும் காத்திருந்தேன். பின்னால பாலு மகேந்திராவோட 'வீடு' படம் பாத்தப்ப, அட நம்ம கேசட்டுன்னு இருந்துச்சு. இதுல 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'னு ஒண்ணு. முந்நூறு வருஷத்துக்கு முந்தி பாக் தனி வயலினுக்கு எழுதினதை அப்படியே வச்சு, சுத்தி இவர் தன்னோடதைச் சேர்த்திருக்கார். ஊடுபயிர் போட்ட மாதிரி, முதல் பயிருக்கு ஒரு சேதாரமும் இல்ல. ஆனா இதைச் சும்மா உக்காந்து கேக்கணும். கையில வேலை இருந்தா பாதி தப்பிப் போகும். அதான் ரெண்டாவது.

திருவாசகத்தை மூணுல வச்சதுக்கு டீக்கடையில திட்டு விழுந்துச்சு. 2005ல வந்தது, புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ரா. பெரிய வேலைதான், மறுக்கல. ஆனா எங்க அப்பா இறந்த ராத்திரி வாசல்ல நாலு பெரியவங்க விடிய விடிய திருவாசகம் படிச்சாங்க. ஜால்ரா மட்டும்தான். அதைக் கேட்ட காதுக்கு இவ்வளவு வயலின் கூட்டமா இருக்கு. நடுவுல இங்கிலீஷ் வர்ற இடத்துல நான் எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடுவேன். திருப்பொற்சுண்ணம் பகுதி மட்டும் எனக்கு உசிரு. அது பொண்ணுங்க உரல்ல பொடி இடிக்கிற பாட்டு. கேக்கும்போதெல்லாம் எங்க அம்மாவும் சின்னம்மாவும் மாத்தி மாத்தி உலக்கை போட்டது கண்ணுக்குள்ள வரும்.

நாலாவது 'ரமண மாலை'. அவர் ரமணருக்காகப் பாடிக்கிட்டது. விடிகாலையில கேக்க சுகம், அதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல.

2025 மார்ச் 8ல லண்டன்ல ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசிச்ச 'வேலியண்ட்' சிம்பொனியைச் சேர்க்கல. அது ஒரு தடவை கேட்டு மார்க் போடுற சரக்கு இல்ல. டீக்கடையில ஒருத்தர் மட்டும் அதைத்தான் முதல்ல வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னார்.

"அண்ணே, அதுல எந்த இடம் உங்களுக்குப் பிடிச்சது?"ன்னு கேட்டேன்.

"லண்டன்ல போட்டாருல்ல தம்பி"ங்கிறார்.